சிங்கவால் மந்தியின் ராஜ்யம்

"வெப்ப மண்டல மழைக்காடுகளில் எந்தெந்த மிருகங்கள் வாழ்கின்றன?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பாருங்கள். கைகள் உடனே உயர்ந்துவிடும். "சிங்கம்!" என்பான் ஒருவன். "கொரில்லாக் குரங்கு" என்பாள் ஒருத்தி. மூன்றாவது பிள்ளை, சினிமாவில் பார்த்த ஞாபகத்தில், "அனகோண்டாப் பாம்பு, சார்!" என்று கத்துவான். கொரில்லா ஆப்பிரிக்கக் கண்டத்து மழைக்காட்டுக்கும், அனகோண்டா தென் அமெரிக்காவுக்கும் உரியவை. அந்த அளவில் விடை சரிதான். சிங்கத்துக்கு மட்டும் மழைக்காடு அவ்வளவாக ஒத்துக்கொள்வதில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் திறந்து கிடக்கும் வெளியே அதற்கு உகந்த இடம்.

"அது போகட்டும், நம்முடைய மழைக்காட்டில் என்ன இருக்கிறது?" என்று அடுத்த கேள்வியைப் போட்டால் வகுப்பு நிசப்தமாகிவிடும். நம்மிடம் அப்படி ஒரு காடு இருக்கிறதா என்ற சந்தேகமே பிள்ளைகளின் முகத்தில் தெரியும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களைப் பெற்றவர்களுக்கும் தெரியாது. ஆப்பிரிக்காவையும் அமேஸான் நதியையும் வண்ணப் படங்களில் பார்த்துப் பார்த்து, பொள்ளாச்சியில் பஸ் ஏறினால் அரை நாளுக்குள் போய்ச் சேரக்கூடிய ஓர் அதிசயத்தை நாம் மறந்தே போனோம். இருபது வருஷ காலமாக ஆசிரியத் தொழிலில் இருந்துகொண்டு, விடுமுறை தோறும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலையேறிவரும் எனக்கு இது பெரிய மனக்குறை. அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்துக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தபதி நதிக்குத் தெற்கே தொடங்கிக் குமரி முனை வரையில் சுமார் ஆயிரம் மைல் நீளத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை நீண்டு கிடக்கிறது. அரபிக் கடலிலிருந்து எழுந்து வரும் தென்மேற்குப் பருவக் காற்று இம்மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த நீரையெல்லாம் கொட்டிவிடுகிறது. கன்னட தேசத்திலுள்ள ஆகும்பே என்ற சிற்றூரில் ஒரு வருஷத்தில் சராசரியாக 300 அங்குலம் மழை பெய்கிறது. நம் வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறும் தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று. இப்படி மழை கொட்டும் சரிவுகளில்தான், வருஷம் முழுவதும் இலை உதிராத பசுங்காடுகள் வளர்ந்து நிற்கின்றன. ஆனைமலை, மேகமலை, களக்காடு, முண்டந்துறை ஆகிய இடங்களில் நமக்கும் அவற்றில் பங்கு உண்டு. தாமிரபருணி இக்காடுகளில் ஊறும் நீர். ஆழியாற்று நீரும் அப்படியே. 2012-ம் வருஷத்தில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் இம்மலைத் தொடரில் 39 இடங்களை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது.

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவற்றைக் கடந்து காட்டுக்குள் நுழைந்தவுடன் பிள்ளைகளுக்கு ஏற்படுவது ஏமாற்றமே. "மிருகம் ஒன்றையும் காணோமே!" என்பார்கள். பட்டப்பகலிலும் மாலை மயங்கிய நேரம்போல் இருட்டாயிருக்கும். தரையில் புல்கூட முளைக்காது. சருகும் வேரும் ஈர வாடையுமே மிச்சம். காரணம் எளிது. நூறு அடிக்கு மேல் வளர்ந்த மரங்கள் ஒன்றோடொன்று தலை கோத்து மேலே கூரை வேய்ந்திருக்கின்றன. வெயில் எல்லாம் அந்தக் கூரையிலேயே செலவாகிவிடுகிறது. வெயில் இருக்கும் இடத்தில்தானே பூவும் காயும் தளிரும் இருக்கும்? ஆகையால் மழைக்காட்டு ஜீவராசிகளில் பெரும் பகுதி மாடியிலேயே குடித்தனம் நடத்துகிறது. இந்தக் காட்டைப் பார்க்கப் போகிறவர்கள் கழுத்து வலியைப் பொருட்படுத்தக் கூடாது.

தரைத்தளத்தில் நம்மை முதலில் வரவேற்பது அட்டை. மழைக் காலத்தில் ஒவ்வொரு சருகின் விளிம்பிலும் நூல்போல் நின்று தலையாட்டிக்கொண்டிருக்கும். அது கடிப்பது தெரியாது. இரத்தம் உறையாமலிருக்க ஒரு திரவத்தைக் கடிவாயில் செலுத்திவிடுவதால், வயிறு நிறைந்து அது உதிர்ந்த பிறகும் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். கெடுதல் பெரிதாக ஒன்றுமில்லை. புகையிலைத் தூளும் உப்பும் கையில் இருந்தால் போதும். அட்டைக்குப் பயந்து மழைக்காட்டைப் பார்க்காமல் விடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பரிதாபமாகவே இருக்கிறது.

இனி இந்த ராஜ்யத்தின் அதிபதியைக் காண்போம்.

சிங்கவால் மந்தி என்றும், சோலைமந்தி என்றும் இதைச் சொல்வார்கள். உடல் முழுவதும் கறுத்த ரோமம். முகத்தைச் சுற்றி வெள்ளி நிறத்தில் பிடரி மயிர். வாலின் நுனியில் சிங்கத்துக்கு இருப்பதுபோன்ற குஞ்சம். வகுப்பில் "சிங்கம்" என்று சொன்ன பையனுக்கு இந்த வாலளவுக்கு மதிப்பெண் கொடுக்கலாம். உலகத்தில் இது வேறெங்கும் கிடையாது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று ராஜ்யங்களிலும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மட்டும் வாழ்கிறது. எல்லாவற்றையும் கூட்டினாலும் ஏறக்குறைய 4,000 இருக்கலாம் என்பது அறிஞர்களின் மதிப்பு. நம்மில் ஒரு சிறு கிராமத்து ஜனத்தொகை அவ்வளவு இருக்கும்.

நம் ஊர்க் கோயில்களில் தேங்காய் மூடியைப் பறித்துக்கொண்டு ஓடும் குரங்கை வைத்து இதை மதிப்பிடக் கூடாது. இது கூச்ச சுபாவமுடையது. சாதாரணமாகப் பத்து முதல் இருபது வரை சேர்ந்த கூட்டமாக, ஒரு கடுவனின் தலைமையில், மர உச்சிகளிலேயே காலத்தைக் கழிக்கும். தரைக்கு வருவது அபூர்வம். பெண் மந்தி முதற்குட்டி ஈனுவதற்கு ஆறு வயதுக்கு மேல் ஆகிறது. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே இரண்டரை வருஷத்துக்குக் குறையாது. ஆகவே ஒரு கூட்டம் அழிந்தால் மறுபடியும் அது பெருகுவதற்கு நெடுங்காலம் பிடிக்கும். பழமும் விதையும் இதன் பிரதான ஆகாரம். பூச்சிகளையும், சமயம் வாய்த்தால் தவளை, ஓணான்களையும் விடுவதில்லை. கன்னத்துக்குள் பை ஒன்று இருப்பதால், கிடைத்ததை அதில் அடக்கிக்கொண்டு பிறகு சாவகாசமாக மென்று தின்னும். கொட்டைகளை ஆங்காங்கே உமிழ்ந்துகொண்டே போவதால் காட்டுக்கு விதைப்பு வேலையும் நடந்துவிடுகிறது.

இந்த மந்தியைப் பற்றிப் பேசினால் வெடிப்பலா மரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். மலாய் தேசத்து டூரியான் பழத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு நெருங்கிய உறவு இம்மரம். முள் நிறைந்த காய்கள் கிளைகளை ஒட்டியே காய்த்து, முற்றியதும் வெடித்து விதையைச் சிந்தும். வெடிப்பலா என்ற பெயர் அதனால் வந்தது. கோடையின் தொடக்கத்தில், காட்டில் வேறு பழங்கள் அருகிப்போகும் சமயத்தில், இது கிளை நிறையப் பூக்கிறது. பூவுக்கு இதழ் கிடையாது. சதைப்பற்றுள்ள புறவுறையே உண்டு. அந்தச் சதைக்காகப் பகலில் மந்திகளும் அணில்களும் பறவைகளும் வருகின்றன. இரவில் வௌவால்களும் மரநாய்களும் வருகின்றன. வௌவால் முதலியவற்றின் முகத்தில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் பயணம் போகிறது. ஒரு பஞ்ச காலத்தில் அன்னசத்திரம் வைத்து நடத்துகிற தர்மவான், அதனாலேயே தன் வமிசத்தையும் விருத்தி செய்துகொள்வதுபோல் இருக்கிறதல்லவா? வெடிப்பலா இல்லாத காட்டில் சிங்கவால் மந்தி நிலைப்பது மிகவும் கடினம்.

இந்தக் குரங்கு ஒரு சமயம் தேசத்தின் ராஜதானியையே கலங்க அடித்தது. பாலக்காட்டு ஜில்லாவில், குந்திப்புழை என்ற நதி பாயும் அமைதிப் பள்ளத்தாக்குக்குச் சைரந்திரி வனம் என்று பழைய பெயர் உண்டு. விராட நகரத்தில் பாஞ்சாலி பூண்ட மறு பெயர் அது என்பதைப் பாரதம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஓர் அணை கட்டி மின்சாரம் எடுப்பதற்கு 1973-ம் வருஷத்தில் திட்டக் கமிஷன் சம்மதம் கொடுத்தது. அணை எழுந்தால் சுமார் 830 ஹெக்டேர், அதாவது இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நீரில் மூழ்கும். மூழ்குவதில் பெரும் பகுதி, கோடாலி படாத மழைக்காடு.

உடனே நாட்டில் இரண்டு கட்சிகள் ஏற்பட்டன. "குரங்கு முக்கியமா, மனிதன் முக்கியமா? மலபார் கிராமங்களுக்கு விளக்கு வேண்டாமா?" என்று ஒரு கட்சி கேட்டது. கேட்டதில் நியாயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். விளக்கில்லாத வீட்டில் படித்த பிள்ளைகளின் கஷ்டம் ஆசிரியனுக்குத் தெரியும். ஆனால் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற ஸ்தாபனத்தைச் சேர்ந்த உபாத்தியாயர்களும் விஞ்ஞானிகளும் வேறு விதமாகக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மின்சாரத்தை வேறு வழிகளிலும் உற்பத்தி செய்யலாம், இந்தக் காட்டை எந்த யந்திரத்தாலும் உற்பத்தி செய்ய முடியாது என்று அவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். கவி சுகதகுமாரி பேனாவை எடுத்தார். பறவை இயல் அறிஞர் சலீம் அலி எதிர்ப்புத் தெரிவித்தார். அப்போது மத்திய சர்க்காரில் விவசாய இலாகாவின் காரியதரிசியாக இருந்த நம் கும்பகோணத்து டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் காட்டைப் பார்வையிட்டுத் திட்டத்தைக் கைவிடும்படி யோசனை கூறினார். 1983-ல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த வருஷம் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஓர் அணையை மந்தி தடுத்தது என்று சிலர் இன்றும் கேலியாகச் சொல்வார்கள். சேதுவுக்கு அணை கட்டியதும் அதே குலந்தானே என்று அவர்களுக்கு நான் பதில் சொல்வதுண்டு.

மந்தியின் பங்காளி ஒன்று இதே மரங்களில் வசிக்கிறது. அதற்குக் கருமந்தி அல்லது நீலகிரிக் கருங்குரங்கு என்று பெயர். இரண்டையும் தூரத்திலிருந்து பார்த்துக் குழப்பிக்கொள்வது சகஜம். கருங்குரங்குக்கு வெள்ளிப் பிடரி கிடையாது. தலையில் மஞ்சள் கலந்த பழுப்பு மயிர் இருக்கும். வாலும் மிக நீளம். அது முக்கியமாக இலையைத் தின்று வாழ்வது. பாவம், அதற்கு வந்த ஆபத்து அதன் பெயராலேயே வந்தது. "கருங்குரங்கு லேகியம்" என்றால் ஆஸ்துமா தீரும், தேகத்துக்கு வலுவுண்டாகும் என்று நம் ஜனங்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குப் பலியான பிராணிகளுக்குக் கணக்கே இல்லை. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இவ்வேட்டை சட்ட விரோதமாயிற்று. அதன் பிறகு பல இடங்களில் இவ்வினம் மீண்டும் தலையெடுத்திருக்கிறது. லேகியத்தால் ஆஸ்துமா தீர்ந்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

காட்டில் நின்றுகொண்டிருக்கும்போது திடீரென்று தலைக்கு மேல் ரயில் எஞ்ஜின் மூச்சு விடுவதுபோல் "புஸ் புஸ்" என்று சத்தம் கேட்டால் அஞ்ச வேண்டாம். அது இருவாச்சிப் பட்சி பறக்கும் ஓசை. மூன்றரை, நான்கு அடி நீளமும், மஞ்சள் நிற அலகும், அலகின் மேல் தொப்பி வைத்தாற்போன்ற ஓர் அமைப்பும் உடைய பெரும்பறவை அது. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு வாய் இருப்பதுபோல் தோன்றுவதால் இப்பெயர். கேரளத்தின் ராஜ்யப் பறவையும் இதுவே.

இப்பறவையின் இல்லறத்தைப் போல் ஒன்றை நான் வேறெங்கும் படித்ததில்லை. முட்டையிடும் காலம் வந்ததும் பேடு ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் புகுந்துகொள்கிறது. புகுந்து, தன் எச்சத்தையும் உணவுச் சக்கையையும் குழைத்து, வாயிலை உள்ளிருந்தே பூசி அடைத்துவிடுகிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் மிச்சமிருக்கும். பாம்பும் மரநாயும் நெருங்க முடியாத அந்தச் சிறைக்குள் வார மாதக் கணக்கில் அடைபட்டு, பழைய இறகுகளை உதிர்த்துப் புது இறகு வளர்த்துக்கொண்டு, குஞ்சையும் பொரிக்கிறது. அந்த நாள் முழுவதும் பேட்டுக்கும் குஞ்சுக்கும் ஆகாரம் கொண்டுவந்து ஊட்ட வேண்டியது சேவலின் பொறுப்பு. அத்திப் பழங்களைத் தொண்டைக்குள் நிரப்பிக்கொண்டு வந்து, பொந்தின் எதிரே அமர்ந்து, ஒவ்வொன்றாகக் கக்கி எடுத்துப் பிளவின் வழியே கொடுக்கும். சேவலை யாராவது சுட்டுவிட்டால் உள்ளே இருப்பவற்றின் கதி என்ன ஆகும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் அலுவலகத்தில் வில்லியம் என்ற பெயருடைய ஓர் இருவாச்சி 1894 முதல் 1920 வரையில், இருபத்தாறு வருஷங்கள், அங்கத்தினர்போல் வாழ்ந்து வந்தது. எறிகிற டென்னிஸ் பந்தை அலகால் பிடிப்பதில் கெட்டிக்காரப் பறவை. ஒரு முறை எரிகிற சுருட்டை விழுங்கி அதையும் ஜீரணித்துவிட்டதாம்! கடைசியில் கம்பித் துண்டு ஒன்றை விழுங்கியதால் உயிர் துறந்தது. அச்சங்கத்தின் சின்னத்தில் இன்றும் இருவாச்சியின் உருவந்தான் விளங்குகிறது.

இருவாச்சிக்கு வேண்டியது பெரிய மரம், அந்த மரத்தில் பெரிய பொந்து. அது தானே பொந்து குடைவதில்லை. கிளை முறிந்து, உளுத்து, காலத்தால் ஏற்பட்ட பொந்தைத்தான் தேடுகிறது. எனவே நூற்றாண்டு கண்ட முதுமரங்கள் இல்லாத காட்டில் அதற்கு வாசம் இல்லை. எந்த மரத்தில் எந்தப் பொந்தில் கூடு இருக்கிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் ஆனைமலையிலும் அதை அடுத்த கேரளக் காடுகளிலும் வாழும் காடர் என்ற பழங்குடி மக்கள். தேன் எடுப்பதற்கு மூங்கில் முளைகளை அடித்துக்கொண்டே நெட்டை மரங்களில் ஏறுவதில் அவர்களுக்கு நிகர் அவர்களே. முற்காலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளை உணவுக்காக எடுத்ததும் உண்டு. இன்றோ வாழச்சால் வனப் பகுதியில், அதே காடர் மக்களே வனத்துறையோடும் ஆராய்ச்சியாளரோடும் சேர்ந்து, கூடுகளை வருஷந்தோறும் கணக்கெடுத்துக் காவல் காத்துவருகிறார்கள். புஸ்தகம் படித்தவர்கள் பார்வையற்றுப்போகும் இடத்தில் அவர்கள் கண் வேலை செய்கிறது. ஒரு முறை பெரியவர் ஒருவர் எங்களோடு வந்தார். கீழே கிடந்த நான்கு கொட்டைகளைக் காட்டி, "மேலே பாருங்க சார், கூடு இருக்கு" என்றார். பத்து நிமிஷம் அண்ணாந்து பார்த்த பிறகே எனக்குப் பொந்து தெரிந்தது. உள்ளே இருக்கும் பேடு கொட்டைகளைப் பிளவு வழியாகக் கீழே தள்ளிவிடுகிறதாம்.

மாடியிலேயே வாழ்வதென்றால், ஒரு மரத்திலிருந்து மற்றொரு மரத்துக்குப் போகும்போதெல்லாம் நூறு அடி இறங்கி ஏறுவது கட்டுபடியாகாது. ஆகையால் இறகில்லாத பிராணிகள் பலவும் பறக்கக் கற்றுக்கொண்டன. பறக்கும் ஓணானுக்கு விலா எலும்புகள் பக்கவாட்டில் நீண்டு, இடையில் தோல் பரந்து, குடைபோல் விரிகிறது. அதை விரித்துக்கொண்டு ஒரு மரத்தில் பாய்ந்து அடுத்த மரத்தின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். மடக்கிக்கொண்டால் மரப்பட்டைக்கும் ஓணானுக்கும் பேதம் தெரியாது. பறக்கும் அணிலும் உண்டு. திருவிதாங்கூர்ப் பறக்கும் அணில் என்ற சிற்றினம் அற்றே போய்விட்டதென்று வெகு காலம் நினைத்திருந்தார்கள். 1989-ல் கேரளக் காட்டில் மறுபடியும் அகப்பட்டது. மலை அணிலுக்குப் பறக்கும் தோல் இல்லை. ஆனால் மூன்றடி நீளமுள்ள அந்தச் செம்பழுப்பு அணில் இருபதடி தூரம் தாவுவதைப் பார்த்தால் அதற்குத் தோல் எதற்கு என்று தோன்றும்.

தவளைகளும் மாடிவாசிகளே! விரல்களுக்கிடையே அகன்ற தோலை விரித்துக் காற்றில் சறுக்கி இறங்கும் பச்சைத் தவளை, ஓடைக்கு மேலே தொங்கும் இலையில் நுரைக் கூடு கட்டி முட்டையிடுகிறது. தலைப்பிரட்டைகள் பொரித்ததும் நேரே நீரில் விழுகின்றன. கட்டைவிரல் நகத்தளவேயுள்ள புதர்த் தவளைகளில் பலவற்றுக்கு நீரே வேண்டியதில்லை. தலைப்பிரட்டைப் பருவம் முழுவதும் முட்டைக்குள்ளேயே கழிந்து, வாலில்லாத குட்டித் தவளையாகவே வெளிவருகின்றன. தவளையின் வாழ்க்கைப் பருவங்களை நாம் கரும்பலகையில் எழுதிப் போடும் வரிசை இங்கே வந்து தோற்றுப்போகிறது.

எல்லாவற்றிலும் விசித்திரமானது பாதாளத் தவளை. ஊதாநிற உடல், பன்றிபோல் கூரிய மூக்கு. வருஷத்தில் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கறையான் தின்று கழித்துவிட்டு, மழை பிறக்கும்போது சில நாட்கள் மட்டும் இனப்பெருக்கத்துக்காக மேலே வருகிறது. வருஷம் ஒரு முறை பாதாளத்திலிருந்து எழுந்து வருவதால் கேரளத்தில் இதற்கு மாவலித் தவளை என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். 2003-ம் வருஷத்திலேதான் விஞ்ஞானிகள் எஸ். டி. பிஜுவும் பெல்ஜியம் தேசத்து பிராங்கி பொசுயிட்டும் இதை உலகுக்கு அறிவித்தார்கள். இதன் நெருங்கிய உறவினரைத் தேடிப் போனால், இந்துமகா சமுத்திரத்தைத் தாண்டிச் செஷெல்ஸ் தீவுகளில் காண்கிறோம். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் நம் தேசமும் அத்தீவுகளும் ஒரே நிலமாக இருந்ததற்கு இத்தவளை உயிருள்ள சாட்சி. 2017-ல், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில், கீழ்ச் சரிவின் மழைக்கேற்ப வாழும் இரண்டாவது இனம் ஒன்றும் அறிவிக்கப்பட்டது. அதற்குச் சு. பூபதி என்ற கோவை விஞ்ஞானியின் பெயரைச் சூட்டினார்கள். ஊர்வனவற்றையும் தவளைகளையும் ஆராய்ந்து வந்த அவர், 2014-ல் அகஸ்தியமலைக் காட்டில் ஆராய்ச்சிக்குப் போன இடத்திலேயே விபத்தில் மாண்டவர்.

தரையில் உலவுகிறவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். யானை, புலி, காட்டுமாடு முதலியவை மழைக்காட்டில் இருந்தாலும், மற்றக் காடுகளிலும் இருப்பவையே. இங்கு பார்த்து மகிழ வேண்டியது சருகுமான். முயலைவிடச் சற்றே பெரிதாக, ஓர் அடி உயரத்துக்குள், கொம்பில்லாமல், ஆணுக்குச் சிறு கோரைப்பற்களுடன், சருகோடு சருகாக நிற்கும். உண்மையில் அது மான் குலத்திலேயே சேராது. இராஜநாகத்தையும் விட்டுவிட முடியாது. பாம்புகளையே ஆகாரமாகக் கொண்ட அந்தப் பதினைந்தடி சர்ப்பம், முட்டையிடுவதற்காக உடலாலேயே சருகைக் குவித்துக் கூடு கட்டுகிறது. பாம்புக் குலத்தில் இப்படிக் கூடு கட்டுவது அது ஒன்றுதான். 2024-ல் விஞ்ஞானிகள் இராஜநாகத்தை நான்கு இனங்களாகப் பிரித்தபோது மேற்குமலை இனத்துக்குக் காளிங்கா என்ற கன்னடப் பெயரையே நிலைநாட்டினார்கள்.

இவ்வளவு ஜீவன்களுக்கும் இடங்கொடுத்த காடு இன்று எப்படி இருக்கிறது? வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். 1890-ம் ஆண்டுகளிலிருந்து வெள்ளைக்கார முதலாளிகள் அங்கே மழைக்காட்டை வெட்டிக் காப்பியும், பிறகு தேயிலையும் பயிரிட்டார்கள். கங்காணிகளின் வார்த்தையை நம்பிச் சமவெளியிலிருந்து ஏறிப் போன நம் ஏழை ஜனங்கள் மலேரியாவுக்கும் அட்டைக்கும் குளிருக்கும் பலியானார்கள். வெட்டச் சொன்னவர்கள் கப்பலேறிப் போனார்கள். வெட்டியவர்களின் பேரர்கள் இன்றும் அங்கே தேயிலை கிள்ளுகிறார்கள். பீடபூமியில் சுமார் 70,000 ஜனங்கள் வசிக்கிறார்கள். தேயிலைக் கடலின் நடுவே தீவுகள்போல் நாற்பதுக்கு மேற்பட்ட காட்டுத் துண்டுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. தேயிலையின் பச்சையைப் பார்த்து, "என்ன இயற்கை அழகு!" என்று பரவசப்படும் யாத்ரீகர்களுக்கு, அந்தப் பச்சையில் மந்திக்கு ஒரு வாய் உணவுகூடக் கிடையாது என்பது தெரிவதில்லை.

புதுத்தோட்டம் என்ற இடத்தில் ஒரு காட்டுத் துண்டு இருக்கிறது. அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட சிங்கவால் மந்திகள் நெருங்கி வாழ்கின்றன. கூட்டம் பெருகியிருப்பதால் சந்தோஷப்படுவதா, இடமில்லாமல் நெருக்குண்டு கிடப்பதால் வருந்துவதா என்று தெரியவில்லை. காட்டை ஊடறுத்து ரஸ்தா போகிறது. கூரை பிளந்துபோனதால் மாடிவாசிகள் தரையிறங்கி ரஸ்தாவைக் கடக்க வேண்டியதாயிற்று. மோட்டார்களில் அடிபட்டுப் பல இறந்தன. பசியால் தொழிலாளர் வீடுகளுக்குள் புகுந்து சோற்றுப் பானையைக் கவிழ்க்கவும் ஆரம்பித்தன. ஆறு வயதில்தான் முதற்குட்டி ஈனும் ஜாதி என்று மேலே சொன்னேனல்லவா? அப்படிப்பட்ட இனத்தில் ஒரு தாய் மந்தி மோட்டாரில் அகப்படுவது சாமானிய நஷ்டமல்ல.

மைசூரைச் சேர்ந்த இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தார் வனத்துறையின் துணையோடு, ரஸ்தாவுக்கு மேலே மரத்துக்கு மரம் ஏணிபோன்ற தொங்குபாலங்களைக் கட்டினார்கள். மந்திகள் முதலில் சந்தேகத்தோடு பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டன. இப்போது குட்டியை வயிற்றில் அணைத்துக்கொண்டு தாய்மந்தி பாலத்தில் போவதைக் கீழே பஸ்ஸில் இருந்தபடியே பார்க்கலாம். கூட்டம் கடக்கும் சமயங்களில் வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்வதற்கு உள்ளூர்க் காவலர்களும் நிற்கிறார்கள். யானை நடமாட்டத்தைக் குறித்துத் தொழிலாளர்களுக்குக் கைபேசியில் செய்தி அனுப்பும் ஏற்பாடும், அபாயச் சிவப்பு விளக்குகளும் அந்நிறுவனத்தின் முயற்சியால் ஏற்பட்டவையே.

பாலம் தற்காலிகச் சமாதானந்தான், காட்டுக்குக் காடு வேண்டும். ஆகவே 2000-ம் ஆண்டை ஒட்டி, தோட்ட முதலாளிகளின் சம்மதத்துடன், சிதைந்த துண்டுகளில் மழைக்காட்டு மரங்களை நட்டு வளர்க்கும் வேலையையும் இவர்கள் தொடங்கினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஜாதி மரக்கன்றுகள் இவர்களுடைய நாற்றங்காலில் இருக்கின்றன. விதை எங்கிருந்து கிடைக்கிறது என்று விசாரித்தேன். உள்காட்டில் பொறுக்குவதில்லை. அங்கே விழுந்தது அங்கேயே முளைக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்களாம். ரஸ்தா ஓரத்தில் விழுந்து வீணாகப்போகும் விதைகளைச் சேகரிக்கிறார்கள். பழுப்பு மரநாயின் எச்சத்திலிருந்தும் எடுக்கிறார்கள். மேற்குமலைக்கே உரிய அந்த மரநாய் இரவெல்லாம் பழந்தின்று, விடிவதற்குள் விதைகளைப் பாறைமேலும் சாய்ந்த மரத்தின்மேலும் விட்டுப் போகிறது. அவற்றைக் கழுவி நாற்றங்காலில் போட்டால் முளைக்கின்றன.

சென்ற முறை போனபோது நாற்றங்காலில் வெடிப்பலாக் கன்றுகளைப் பார்த்தேன். முழங்கால் உயரம் இருந்தன. அடுத்த மழையில் நடப் போவதாகச் சொன்னார்கள். "இதில் மந்தி எப்போது பூத் தின்னும்?" என்று என்னுடன் வந்த மாணவி கேட்டாள். அங்கிருந்த தொழிலாளி தாய் ஒருத்தி கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "உன் புள்ளைங்களைக் கூட்டிட்டு வா, அப்போ காட்டறேன்" என்றாள்.